மதுரையில லீகல் ஒப்பீனியன் வாங்கப் போனோம்

சென்னையில ஹெட் ஆபீஸ் வச்சிருக்கற ஒரு லா ஃபர்மோட மதுரை ஆபீஸுக்கு சித்தப்பா கூட போயிருந்தேன், ஒத்தக்கடை பக்கம். 2004ல ஹைகோர்ட் பெஞ்ச் வந்ததுல இருந்து அந்தப் பக்கம் எங்க திரும்பினாலும் வக்கீல் போர்டுதான்.

சித்தப்பா ஒரு மனை வாங்கப்போறாரு, பத்திரமெல்லாம் சரியா இருக்கான்னு வக்கீல்கிட்ட கேக்கத்தான் போனோம். அங்க இருந்த ஜூனியர் மேடம் மூலப்பத்திரத்த விரிச்சு வச்சு சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் பென்சிலால டிக் அடிச்சுக்கிட்டே வந்தாங்க, திடீர்னு நிறுத்தி "சார், விக்கிறவரோட அப்பா உயில் எழுதாம இறந்துருக்காரு, தங்கச்சி இருக்காங்கன்னு வாரிசு சர்டிபிகேட்ல இருக்கு, அவங்க தன் பங்க விட்டுக்குடுத்த விடுதலைப் பத்திரம் எங்க?"ன்னாங்க.

"வில்லங்க சர்டிபிகேட் கிளீனா இருக்கேம்மா"ன்னாரு சித்தப்பா. வில்லங்கத்துல பதிவான பத்திரம் மட்டும்தான் வரும், தங்கச்சி பங்கெல்லாம் அதுல தெரியாதாம். உயில் எழுதாம இறந்துட்டா அப்பா சுயமா வாங்குன சொத்துல பொண்ணுக்கும் சம பங்கு, அது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு, இன்னும் பாதிப் பேருக்கு தெரியல பாருங்க.

ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா கேஸுன்னு வந்து வக்கீல் வைக்க வசதியில்லன்னா மாவட்ட கோர்ட்லயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவசம். சித்தப்பா அட்வான்ஸ நிறுத்தி வச்சுட்டாரு, புரோக்கர்தான் இப்ப போன் மேல போன்.