காரைக்குடி ஆய்வும் நம் வீட்டு இன்வெர்ட்டரும்

நம் பள்ளி ஆய்வுக்கூடத்து டேனியல் கலம் (துத்தநாகமும் செம்பும் வைத்த மின்கலம்) 1.1 வோல்ட் காட்ட வேண்டும்; பெரும்பாலும் காட்டாது. துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்திருக்க மாட்டோம், இல்லையென்றால் உப்புப்பாலம் காய்ந்திருக்கும். அந்த மின்வேதியியல் படிப்பைத் தொடர நினைத்த டெல்டா பிள்ளைகளுக்கு, திருவாரூரில் ரயிலேறினால் தடத்தின் மறுமுனையான காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறப்பு.

அங்கிருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவது சுலபம். எடைபோடத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். லித்தியம் பேட்டரியின் நேர்முனையில் பூசும் பொருளான லித்தியம் இரும்பு பாஸ்பேட், கோட்பாட்டின்படி அதிகபட்சம் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் தாங்கும். காரைக்குடியோ டெக்சாஸோ, 160 கிடைத்ததாக எழுதியிருந்தால், மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினார்கள் என்று பாருங்கள். 2 மில்லிகிராம் என்றால் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் சின்னப் பொத்தான் கலத்தில் எதுவும் ஓடும். விற்பனைக் கலத்துக்கு 10-க்கு மேல் வேண்டும். அப்போதுதான் பூச்சு உலரும்போது விரிசல் விடும், அலுமினியத் தாளை விட்டு உரியும். எதிர்முனையில் லித்தியத் தகடு இருந்தால் இன்னொரு ஏமாற்று: சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் தொலையும் லித்தியத்தை அது சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். இரு முனையும் விற்பனைக்கு வருவது போலவே இருக்கும் முழுக் கலத்தில் அந்த வசதி கிடையாது. சுற்றுக்கு 99.9 சதவீத லித்தியம் திரும்பினாலும் 1000 சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம்தான், 99.99 என்றால் 90. அந்த ஒரு ஒன்பதுக்குத்தான் இத்தனை மல்லுக்கட்டு.

உள்நாட்டு லித்தியம் அயனிக் கல நுட்பத்துக்காக ராசி சோலார் நிறுவனத்தோடு நிலையம் ஒப்பந்தம் போட்டது 2018 ஜூனில். அதே ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, ஊரில் வெளிச்சம் கொடுத்தது பழைய ஈய-அமில பேட்டரிதான். கரண்ட் வரப் பல நாளான கிராமங்களில் அதுவும் காலியாகிக் கிடந்தது. காலியாகவே கிடந்தால் ஈய சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகும். பிறகு சார்ஜ் ஏறாது. ஆரம்பத்திலேயே கவனித்தால் குறைந்த மின்னோட்டத்தில் நீண்ட நேரம் ஏற்றி ஓரளவு மீட்கலாம்.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். கிளம்புமுன் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஏற்றிவைக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். போர் தண்ணீரில், அதுவும் கடலோரத்தில், குளோரைடும் இரும்பும் இருக்கும். ஒன்று ஈயத்தை அரிக்கும், மற்றது சும்மா இருக்கும்போதே சார்ஜை இறக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. குறைவது தண்ணீர் மட்டும்தான். முழு சார்ஜில் ட்யூபுலர் பேட்டரியில் ஆசிட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.240 அளவில் இருக்கும். ஆறு செல்லில் ஒன்று மட்டும் நன்றாகக் கீழே நின்றால் பழுது அந்தச் செல்லில்.