சூளையை உடைத்தவள்

மே 4, 2025, ஞாயிறு

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரை மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். 1993 முதல் 1999 வரை வந்த ஏழு சீசன். நான் பார்ப்பது ஒரே ஒருத்திக்காக: மேஜர் கீரா நெரிஸ். நடித்தவர் நானா விசிட்டர்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கீராவின் கிரகம் பேஜோர். கார்டாசியர்கள் அதை ஐம்பது வருடம் பிடித்து வைத்து, கனிமத்தைத் தோண்டி, மக்களை முகாம்களில் அடைத்துப் பிழிந்தார்கள். கீரா அகதி முகாமில் வளர்ந்தவள். 12, 13 வயதில் துப்பாக்கியோடு எதிர்ப்புப் படையில் சேர்ந்துவிட்டாள். கதை ஆரம்பிக்கும்போது கார்டாசியர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கட்டிவிட்டுப் போன விண்வெளி நிலையத்திலேயே அவளுக்கு வேலை, இரண்டாவது பொறுப்பு. மேலதிகாரி சிஸ்கோ வெளியிலிருந்து வந்தவர், பூமி உட்படப் பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் ஆள். முதல் அத்தியாயத்தில் அவர் உள்ளே வரும்போதே கீரா தன் அரசாங்கத்து ஆளிடம் திரையில் கத்திக்கொண்டிருப்பாள். நீங்கள் இங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமும் சொல்லிவிடுவாள்.

இந்த இடத்துக்கு முதலில் நினைத்தது முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்த ரோ லாரன் என்ற பாத்திரத்தை. அந்த நடிகை மிஷெல் ஃபோர்ப்ஸ் வர மறுத்ததால்தான் கீராவை உருவாக்கினார்கள். நல்லதாய்ப் போயிற்று. ரோ கூட்டமைப்பின் சீருடைக்காரி. கீரா தன் மண்ணின் சீருடையைப் போட்டவள். அதனால்தான் அவளால் சிஸ்கோவோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்க முடிகிறது.

அவள் சாமி கும்பிடுகிறவள். விண்வெளிக் கதைகளில் இது அபூர்வம். குண்டு வைத்த கையாலேயே விளக்கு ஏற்றுவாள். அதைத் தொடர் ஒருநாளும் கேலி செய்யவில்லை. மதுரையில் இருந்து பார்க்கிறவளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

மே 6, செவ்வாய்

கீழமாசி வீதியில் இன்று பூராவும் சரக்குக் கணக்கு. வீட்டுக்கு வரும்போது ஒன்பது மணி. சாப்பிட்டுவிட்டு 'டூயட்' அத்தியாயம் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

நிலையத்துக்கு ஒரு கார்டாசியன் வருகிறான். அவனுக்கு இருக்கும் நோய் காலிடெப் முகாமில் நடந்த சுரங்க விபத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே வந்தது. அந்த முகாமைத் திறந்துவிடப் போனவர்களில் கீராவும் ஒருத்தி. உள்ளே கண்டதை அவள் மறக்கவில்லை. அவனைப் பிடித்து அடைக்கிறாள். அவனோ நான்தான் அந்த முகாமின் தளபதி, ஆமாம், கொன்றேன், பெருமைதான் என்று கொக்கரிக்கிறான். உண்மையில் அவன் மாரிட்ஸா, அங்கே கோப்பு அடுக்கிய எழுத்தர். இரவில் அலறல் கேட்காமல் இருக்கக் காதைப் பொத்திக்கொண்டவன். தளபதியாக நடித்துத் தூக்கில் தொங்கினால், தன் இனம் செய்த குற்றத்தை அது ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று வந்திருக்கிறான்.

நானும் கோப்பு அடுக்குகிறவள்தான். அவன் உடைந்து அழும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது கீராவின் முகத்தை. வாழ்நாளெல்லாம் தேடிய எதிரி கையில் கிடைத்திருக்கிறான். அவன் அவனில்லை என்று தெரிந்ததும் கதவைத் திறந்துவிடுகிறாள். வெளியே வந்தவனை ஒரு பேஜோரன் குத்திவிடுகிறான். அவன் சொல்லும் காரணம், இவன் கார்டாசியன், அது போதாதா. போதாது என்கிறாள் கீரா. கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

அவளுடைய கோபத்தை ஆற்றிவிட வேண்டும், மென்மையாக்க வேண்டும் என்று எழுதியவர்கள் நினைக்கவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. விலாசம் மட்டும் சரியாக எழுதக் கற்றுக்கொள்கிறாள். கோபக்காரி என்று பெயர் வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு இந்த மரியாதையை யாரும் தருவதில்லை.

மே 10, சனி

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆண்டிபட்டியில் இருந்து அம்மாச்சி வந்துவிட்டது. எண்பது வயது. ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, தானாகவே வந்து நிற்கிறது.

ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து "என்னத்தா அது, மூக்குல வரி வரியா இருக்கு?" என்றது. பேஜோரன்களுக்கு அப்படித்தான் என்றேன். ஓடிக்கொண்டிருந்தது 'ப்ராக்ரஸ்'. மூன்று தடவையும் கீரா மேல் எனக்குக் கோபம் வந்த ஒரே அத்தியாயம். ஒவ்வொரு காட்சியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பேஜோரைச் சுற்றும் ஒரு நிலா. அதன் உள்ளே கொதிக்கும் குழம்பிலிருந்து சக்தி எடுத்தால் குளிர்காலத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வெதுவெதுப்பு. ஆனால் நிலாவில் ஆள் வாழ முடியாது. எல்லோரும் காலி செய்தாயிற்று, முல்லிபாக் என்ற கிழவனைத் தவிர. கார்டாசிய முகாமிலிருந்து தப்பி வந்து 40 வருடமாக அங்கேயே பயிர் செய்கிறவன். அவனைக் கிளப்ப கீராவை அனுப்புகிறார்கள். அவளோ சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவன் பாதியில் விட்ட சூளையைக் கல் கல்லாக அடுக்கிக் கட்டி முடிக்கிறாள். முடித்த கையோடு அதைச் சுட்டு உடைக்கிறாள். பிறகு குடிசைக்கும் தீ. இங்கிருந்து போனால் செத்துவிடுவேன் என்கிறான் கிழவன். சாக விடமாட்டேன் என்று கூட்டிக்கொண்டு போகிறாள்.

"பாவி" என்றேன் நான்.

அம்மாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது: "எரிச்சது நல்லதுத்தா."

வைகை அணைக்காகக் காலி செய்த ஊர்களில் ஒன்று அம்மாச்சியின் ஊர். 1959இல் அணை திறந்தபோது அதற்குப் பதினாலு வயது. நிலையையும் கதவையும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் கதவுதான் இன்றைக்கும் ஆண்டிபட்டி வீட்டில் இருக்கிறது. இது எனக்குத் தெரிந்த கதை. தெரியாததை இன்று சொன்னது.

"கதவில்லாத வீட்டை எங்காத்தா சாணி போட்டு மெழுகுச்சு. கோலம் போட்டுச்சு. அப்புறந்தேன் வண்டியேறுச்சு. தண்ணி வத்துற வருசமெல்லாம் எங்கப்பன் கரையில போயி உக்காந்துருவாரு. அந்தா அந்த மேடுதேன் நம்ம வீடுன்னு கை நீட்டுவாரு. சாகுற மட்டும் அதே சோலி. எரிச்சிருந்தா ஒருநா அழுதுட்டு விட்டுருப்பாரு."

மறுபடி லேப்டாப்பைப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு அது தெரிஞ்சிருக்கு. அவளும் வீடு போனவதானே?" என்றது.

மூன்று தடவை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. அந்தச் சூளையை அவள் எதற்குக் கட்டினாள் என்றுகூட நான் கேட்டதில்லை.

மே 12, திங்கள்

விடியற்காலையில் அழகர் இறங்கினார். ஆழ்வார்புரம் பக்கம் கூட்டம் நெருக்கியதில் அம்மாச்சியின் கையை விடவே இல்லை. அழகருக்காக அணையில் திறந்துவிட்ட தண்ணீர் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாச்சி குனிந்து இரண்டு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டது. என் தலையிலும்.

"நம்ம வீட்டு மேல ஏறி வந்த தண்ணிடி."

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 14, புதன்

அம்மாச்சி இன்று ஊருக்குக் கிளம்பியது. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் கிளம்பும் வரை அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சொன்னேன். கார்டாசியாவே இன்னொரு படையிடம் மாட்டிக்கொள்கிறது. அதை எதிர்த்து டமார் என்ற கார்டாசியத் தளபதி கலகம் செய்கிறான். ஒளிந்திருந்து தாக்கத் தெரியாத ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க கீராவையே அனுப்புகிறார்கள். ஒருநாள் டமாரின் பெண்டாட்டியையும் மகனையும் கொன்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. பெண்களையும் பிள்ளைகளையும் கொல்லச் சொல்லி உத்தரவு போடுகிறவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அவன் புலம்புகிறான். கீரா அதே கேள்வியை அவனிடமே திருப்பிக் கேட்கிறாள். ஆமாம் டமார், எப்படிப்பட்ட ஆட்கள்? அவன் பேசாமல் வெளியே போய்விடுகிறான். துக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுவிட்டோமே என்று அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

"கேட்டது சரிதேன்" என்றது அம்மாச்சி. "அவனுக்குச் சோறு போட்டாளா?"

அப்படிக் காட்சி இல்லை என்றேன்.

"போட்டுருப்பா" என்றது. கண்டக்டர் விசில் அடித்தார்.