சிங்கராஜவுக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் தென்மேற்கே உள்ள சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போய்வந்து "ஒன்றையும் காணவில்லை, அட்டைதான் கடித்தது" என்று சொல்பவர்களிடம் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக விடியக் கொழும்பில் வான் ஏறி, பத்தரைக்குக் காட்டுக்குள் நுழைந்து, இரண்டு மணிக்கு நனைந்துகொண்டு வெளியே வந்திருப்பார்கள். யால தேசியப் பூங்காவில் ஜீப்பில் இருந்தபடி மிருகம் பார்ப்பது போல இங்கே பார்க்க முடியாது. சிறுத்தை இருக்கிறது, கண்ணில் படாது. கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரிரு யானைகளும் அப்படித்தான். இந்தக் காட்டில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் காலையில், மெதுவாக நடப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆகவே காட்டோரம் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு காலை மழையில் போனாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

மழையைச் சும்மா சொல்லவில்லை. வருடத்துக்கு 3,500 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை பெய்யும் இடம். ஜனவரி முதல் மார்ச் வரை கொஞ்சம் ஓய்வு, ஓகஸ்ட் செப்டெம்பரில் இன்னும் கொஞ்சம். அந்த மாதங்களிலும் பின்னேர மழையை எதிர்பார்த்தே போக வேண்டும். மே, ஜூன், ஒக்டோபர், நவம்பரில் போகவே வேண்டாம். ஓடை பெருகினால் போன வழியில் திரும்ப முடியாமல் போகும்.

அடுத்தது எந்த வாசல் என்பது. காடு கிழக்கு மேற்காக 21 கிலோமீற்றர் நீளம், அகலம் கூடினால் 7. ஒரு வாசலில் இருந்து மற்றதற்குப் போக மலையைச் சுற்றி அரை நாள் ஓட வேண்டும். அதனால் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். முதல் தடவையென்றால் குடாவ வாசல். இரத்தினபுரியில் இருந்து கலவான, அங்கிருந்து வெத்தாகல வழியாகப் போகலாம். தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெனியாய வழியாகப் பிட்டதெனிய வாசல் கிட்ட. அங்கே ஜின் கங்கையும் அருவிகளும் அழகு. ஆனால் பாதை கல்லும் வேருமாக இருக்கும், முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குச் சரிவராது. தெனியாயப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் கேட்கும். குடாவவில் சிங்களம்தான். வழிகாட்டியிடம் "ஹெமின் யமு", மெதுவாகப் போவோம், என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தால் உங்கள் நாளே மாறும்.

குடாவவின் அகலமான பாதைக்கு ஒரு கதை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டப் போட்ட தெரு அது. மக்கள் எதிர்ப்புக்குப் பின் 1977-இல் வெட்டுவது நின்றது. 1978-இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988-இல் உலக மரபுரிமையாகவும் ஏற்றது. அந்தத் தெருவால்தான் இன்று ஏறிப் பழக்கமில்லாதவர்களும் மரக்கூட்டத்தின் நடுப்பகுதியைக் கண்மட்டத்தில் பார்க்க முடிகிறது. உள்ளே நிற்கும் மரங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஜீப்பில் ஏறி இந்தத் தெருவைக் கடந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியதில் பாதி இங்கேதான் இருக்கிறது.

டிக்கெட் கவுண்டர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே கேட்டு, திறக்கும்போது அங்கே நில்லுங்கள். காசு தாளாக வேண்டும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பறவை பார்க்க வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அருவிக்கு வேகமாக நடத்திக்கொண்டு போவார்.

பறவைகள் இங்கே தனித்தனியாக வருவதில்லை. அரை மணி நேரம் ஒரு சத்தமும் இராது. பிறகு மேலே கொண்டைக் கரிச்சானின் குரல் கேட்கும், அதன் கீழே செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் ஓயாமல் கீச்சிடும். அப்படியே நில்லுங்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பதினொரு பன்னிரண்டு இனம், நாற்பது பறவை இருக்கும் என்பது இங்கே பல வருடங்களாக எடுத்த கணக்கு. சிலம்பன்கள் இலையைக் கிளறும்போது பறக்கும் பூச்சியைக் கரிச்சான் பிடிக்கிறது, பருந்து வந்தால் முதலில் கத்துவதும் அதுதான். இருவருக்கும் லாபம், பின்னால் வரும் எல்லாருக்கும் லாபம். உச்சியில் செம்முகப் பூங்குயில் இருக்கிறதா என்று அப்போதுதான் தேட வேண்டும். கூட்டம் ஒரு இடத்தில் நிற்காது, பின்னால் ஓடினால் கலைந்துவிடும். பாதையிலேயே நின்று அது உங்களைக் கடந்து போக விடுங்கள்.

மௌலவெல்ல உச்சி 760 மீற்றர். காலையில் பறவை பார்த்த பிறகும் ஏறி இறங்கலாம், கடைசி ஏற்றம் செங்குத்து. சிங்ககல உச்சி முழு நாள் வேலை. அதற்குப் புறப்பட்டால் பறவைகளை மறந்துவிடுங்கள்.

இனி அட்டை. பின்னல் காலுறை எதற்கும் உதவாது, கண்ணிக்குள்ளால் நூல் மாதிரி நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறை வாங்கி, காற்சட்டையை அதற்குள் விட்டு மேலே இறுக்கிக் கட்டுங்கள், பிறகு சப்பாத்து. காலுறைக்கு வெளியே காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்தால் ஏறுவது குறையும், மழையில் கழுவுப்பட்டதும் திரும்பத் தேய்க்க வேண்டும். கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு, தேசிக்காய் எதுவும் வேண்டாம். அவதிப்பட்டு உள்ளே இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் சுரந்திருப்பதால் மணிக்கணக்கில் கசியலாம், பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

உண்மையில் கவனமாயிருக்க வேண்டியது குணக்கட்டுவா என்று அங்கே சொல்லும் குழிவிரியனுக்கு. காய்ந்த இலையின் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் சுருள். இந்தியாவில் இருந்து வரும் பாம்பு விஷமுறி மருந்து இதற்கு வேலை செய்யாது. விழுந்த மரத்தில் உட்காருமுன்னும், வழுக்கும்போது தரையில் கை ஊன்றுமுன்னும் பாருங்கள். ஊன்ற ஒரு தடி வெட்டாதீர்கள், வெளியிலிருந்து கொண்டுபோங்கள்.

பையில் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், மதியச் சாப்பாடு டப்பாவில். பொலித்தீனில் சுற்றியதை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். குளிரூட்டிய வானில் இருந்து இறங்கியதும் தொலைநோக்கியின் கண்ணாடி மூடுபனி போட்டதுபோல ஆகிவிடும். அரை மணி முன்பே குளிரூட்டியை நிறுத்தி, யன்னலையும் பையையும் திறந்து வைத்தால் தப்பலாம். திரும்பும்போது வானில் ஏறுமுன் காலுறையை உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள், குடையின் மடிப்புகளையும் பாருங்கள்.