ஒரு கிராம் கரிக்குள் 412 சிசி ஓட்டையா?

நேற்றுதான் திருத்திய ரிப்போர்ட் கைக்கு வந்தது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காகக் கரியை பி.இ.டி. (நைட்ரஜனை உறிஞ்சவைத்துத் துளைகளின் பரப்பளவை அளக்கும் சோதனை) எடுக்க அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள், எனக்கு ஏழு வாரம் போய்விட்டது.

ராணிப்பேட்டை தோல் சாயக் கழிவுநீரில் நிறத்தை எடுக்கக் கொட்டாங்குச்சிக் கரி. பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, 500 டிகிரியில் சுட்டு, கழுவி, சலித்தது வரை ஒரு குறையும் இல்லை. பரப்பளவு அளக்கிற கருவி மட்டும் எங்கள் துறையில் கிடையாது, சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்துப் போய்ப் படிவத்தை நீட்டினால், துறைத் தலைவர் கையெழுத்து இருக்கு, முத்திரை இல்லை, போட்டு எடுத்துட்டு வாங்க என்றார் கவுன்டரில் இருந்தவர். ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்பச் சொல்கிறேன் சார் என்று எவ்வளவோ கேட்டேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நவம்பர் மழை. சாயங்காலம் வேலூர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். சாம்பிள் சாதாரண பிளாஸ்டிக் கவரில் இருந்தது, அந்த ஈரக்காற்றை அது எவ்வளவு குடித்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வாங்கிக்கொண்டார்கள். படிவத்தில் எடை 0.200 கிராம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டில் பரப்பு கிராமுக்கு 1030 சதுர மீட்டர். கரி உறிஞ்சிய நைட்ரஜனைக் காட்டும் வரைபடத்தின் கடைசிப் புள்ளியில், சார்பழுத்தம் (நைட்ரஜன் திரவமாகும் அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது) 0.99-இல், கிராமுக்கு 412 சிசி. சரி என்று மொத்தத் துளைக் கனஅளவு 412 என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைடு மேடம் மேசையில் இருந்த 10 மில்லி அளவுச் சாடியை என் பக்கம் தள்ளினார். முந்தின நாள் நானே தட்டித் தட்டி நிரப்பிய அதே கரி, 4.6 கிராம். "ஒரு கிராம் கரி மொத்தமாவே ரெண்டு சிசி சொச்சம்தான் இடம் பிடிக்குது. அதுக்குள்ள 412 சிசி ஓட்டை எங்கிருந்துப்பா வந்தது?"

அந்த 412 வாயுவின் கனஅளவு, 0 டிகிரியிலும் 760 மி.மீ. அழுத்தத்திலும் இருந்தால் எவ்வளவோ அவ்வளவு. துளைக்குள்ளே 77 கெல்வினில் நைட்ரஜன் திரவமாக ஒடுங்கியிருக்கிறது. ஆகவே வாயு அடர்த்தியைத் திரவ அடர்த்தியால் வகுத்துப் பெருக்க வேண்டும். அவசரத்தில் 1.25-ஐ 0.808-ஆல் வகுத்தேன், விடை 637 சிசி, முன்னைவிட மோசம். 1.25 என்பது லிட்டருக்கு கிராம், 0.808 என்பது சிசிக்கு கிராம். ஒரே அலகில் 0.00125, வகுத்தால் 0.001547, துளை 0.637 சிசி. இது மனதுக்கு ஒத்துவந்தது. அந்த 1.25-ஐக் கணக்கிடும்போது மோல் கனஅளவை (ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம்) 22.7 லிட்டர் என்று போட்டுவிடாதீர்கள், அது 1982-க்குப் பிறகு வந்த 1 பார் கணக்கு. இந்தக் கருவிகள் பழைய 22.414-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம்தான் பெரிய விஷயம். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணா ஒருவர், "எடை போட்ட தாளைக் கேட்டு வாங்குடா" என்றார். மூன்று மெயில், நாலு போன். நீங்க எழுதிக் கொடுத்த எடைதானே என்று ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசியில் தாள் வந்தது. அளப்பதற்கு முன் சூடாக்கி வாயு நீக்கிய பிறகு குழாயில் மிஞ்சிய கரி 0.176 கிராம்தான். 24 மில்லிகிராம் வெறும் ஈரம். அந்தத் தண்ணீரையும் கரி என்று எண்ணி வகுத்திருக்கிறார்கள்! திருத்தியதும் பரப்பு 1170, வாயு 468, துளை 0.724 சிசி. கழிவுநீர்ச் சோதனையில் கரி அத்தனை நன்றாக நிறம் எடுத்ததற்கு இந்த எண்கள்தான் பொருந்துகின்றன, பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

வாயு நீக்கிய பிறகான எடையைப் போடச் சொல்லிப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். வாயு நீக்கும் வெப்பநிலைக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பரப்பைக் கணக்கிடும் நேர்கோட்டை எந்தச் சார்பழுத்த எல்லையில் போட்டார்கள் என்றும் கேளுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் 0.05 முதல் 0.30 நுண்துளைக் கரிக்கு ஒத்துவராது, கீழே இறங்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து கிடைக்கும் சி மாறிலி மைனஸில் வந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வாங்காதீர்கள்.

மீதிக் கரியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைத்துவிட்டேன், விளிம்பில் வாசலின் தடவி. முத்திரை குத்திய காலிப் படிவம் இரண்டும் பையில் இருக்கிறது.