புள்ளியால் வந்த வினை: 1,250/= எப்படி 0.125 ஆனது

சுன்னாகத்தில் சித்தப்பா நடத்தும் பலசரக்குக் கடையின் கடன் கணக்கு ஒருவழியாக ஒழுங்காகக் கூட்டுப்படுகிறது. வைபரில் வரும் குறிப்புகளைப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலுக்குள் போட்டால் ஆர் ஆர் எவ்வளவு பாக்கி என்று வந்துவிடும். வேலையில் முக்கால்வாசியைத் தின்றது, எழுத்தாக இருப்பதை எண்ணாக்குவதுதான்.

எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட், தசம எண்ணாக்கும் ஃப்ளோட் எல்லாம் தெரிந்ததே. ஆனால் எங்கள் பக்கம் 1250 என்று வெறுமனே எழுதுபவர் குறைவு, ‘ரூ. 1,250/=’ என்றுதான் வரும். இன்ட்டுக்குக் கொடுத்தால், இது எண்ணல்ல என்று வேல்யூ எரர் வரும். வழக்கமான வைத்தியம், இலக்கத்தையும் புள்ளியையும் விட்டு மற்றதை ரெஜெக்ஸால் (எழுத்துகளின் கோலத்தைத் தேடும் கருவி) துடைப்பது. துடைத்ததும் எரர் போனது, கூட்டுத்தொகையும் போனது! ‘ரூ’வுக்குப் பின்னால் உள்ள புள்ளி தப்பிவிடுகிறது, மிஞ்சுவது ‘.1250’. ஃப்ளோட் முகம் சுளிக்காமல் அதை வாங்கி 0.125 என்று தருகிறது. ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்க் கடன் பன்னிரண்டரைச் சதம்! ‘ரூ. 1,250.00’ என்று எழுதியிருந்தால் இரண்டு புள்ளி வந்து அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இப்போது துடைப்பதே இல்லை. ‘ரூ.’ புள்ளியோடு சேர்த்து வெட்டப்படும், ‘/=’ வெட்டப்படும், காற்புள்ளி நீங்கும். மிஞ்சியது முழுக்க இலக்கமாகவோ, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடோ இருந்தால்தான் உள்ளே. ரெஜெக்ஸின் ஃபுல்மேட்ச், தொடக்கம் முதல் முடிவு வரை ஒத்துவருகிறதா என்று அதைப் பார்க்கிறது. இல்லாவிட்டால் அந்த வரியைச் சிவப்பில் காட்டி நின்றுவிடும். அப்புறம் எண்ணாக்குவது டெசிமல், தசமத்தைப் பிசகாமல் வைத்துக் கூட்டும் வகை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.30000000000000004 தரும் ஃப்ளோட்டிடம் சித்தப்பாவின் காசை விடுவதாக இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் செய் என்ற மச்சானுக்கு: அங்கே எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் ‘1,250’இல் காற்புள்ளியைக் கண்டதும் நின்று 1 என்று தரும். வேண்டாமப்பா.

பில் அடிக்க 57 மில்லிமீட்டர் கடதாசிச் சுருள் வேண்டும், யாழ்ப்பாணத்து ஸ்ரான்லி வீதிப் பக்கம் விலை கேட்கவேண்டும். அதற்குள் பூட்டனாரின் கணக்குக் கொப்பி ஆசை காட்டுகிறது. முழுக்கத் தமிழ் இலக்கம். ௧௨௫௦ என்றிருந்தால் பைதானின் இன்ட்டே 1250 தந்துவிடும். அவர் எழுதியிருப்பதோ ௲௨௱௫௰, அதாவது ஆயிரம், இரண்டு நூறு, ஐந்து பத்து. ௰, ௱, ௲ மூன்றுக்கும் யூனிகோட் என்ற எழுத்துத் தரத்தில் எண்மதிப்பு உண்டு, ஆனால் 0 முதல் 9 வரையான பதின்ம இலக்கங்கள் அல்ல, அதனால் இன்ட் ஏற்காது. பைதானின் யூனிகோடுடேட்டா தொகுதியில் உள்ள நியூமெரிக் 10, 100, 1000 என்று தருகிறது. முன்னால் உள்ள இலக்கத்தால் பெருக்கிக் கூட்டினால் 1250 வருகிறது. ௰௨௲ போன்றவற்றுக்கு அது போதாது. பத்தையும் இரண்டையும் முதலில் கூட்டி, பிறகு ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பகுதியை இனித்தான் எழுதவேண்டும்.