பெடர் ரோட்டுக்காகச் சேர்த்து வைத்த மூச்சு

2019 மும்பை மாரத்தானில் முதல் பாதியை 2 மணி 5 நிமிடத்தில் ஓடினேன். மறுபாதிக்கு 2 மணி 57 நிமிடம் ஆனது. வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வேகமாக ஓடிவிடுவோம் என்று நினைத்ததுதான் காரணம். மும்பையில் ஓடும் பலர் இப்படிக் கணக்குப் போடுகிறார்கள், கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் வேகம் கூடக்கூட உடம்பு தன் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்தை அதிகமாக எரிக்கும். 30 கிலோமீட்டர் தாண்டியதும் எனக்கு அது தீர்ந்துபோனது. 35 வாக்கில் பெடர் ரோடு ஏற்றம். அதை நடந்தே கடந்தேன்.

அந்த ஏற்றத்தை ஓடிக் கடக்க வேண்டும் என்பதற்காகவே 2020 ஜனவரியில் மறுபடியும் போனேன். மாட்டுங்காவில் சித்தி வீடு. மூன்று மணிக்கே எழுந்து காபி கலந்து கொடுத்த சித்தப்பா, "போன வருஷம் மாதிரி எடுத்தவுடனே பறக்காதேம்மா" என்றார்.

நாலரை மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி வேண்டும். முதல் 10 கிலோமீட்டரை 6:35இல் ஓடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி, இருட்டில் மரைன் டிரைவ் வந்தபோது கூட்டம் கூட்டமாக என்னைத் தாண்டிப் போனார்கள். குளிர்ந்த காற்று, ஓய்வெடுத்த கால்கள். அப்போது பொறுமையாக ஓடுவதுதான் அன்றைக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். பெடர் ரோடு போகும்போதும் ஒருமுறை வரும். அப்போது அது ஏற்றமாகவே தெரியாது, அதனால்தான் அங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கைக்கடிகாரத்தையும் முழுதாக நம்பவில்லை. உயரமான கட்டிடங்களுக்கு நடுவே அது தூரத்தைத் தப்பாகக் காட்டும். ஆட்களை விலக்கி விலக்கி ஓடுவதால் நாம் மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு மேலேயே ஓடியிருப்போம். ஆகவே சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்துத்தான் நேரம் குறித்தேன்.

அப்புறம் பாந்த்ரா–வொர்லி கடல்பாலம். மற்ற நாட்களில் பாதசாரிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. இரண்டு பக்கமும் கடல், மெல்ல வெளுக்கும் வானம். அந்த அழகில் கால் தானாக வேகமெடுக்கும், பிடித்து நிறுத்திக்கொண்டேன். பாதித் தூரத்தில் 2 மணி 17 நிமிடம்.

மாஹிம், சிவாஜி பார்க் பக்கம் வீட்டு வாசல்களில் குழந்தைகள் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டினார்கள். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு வாய் குடித்து, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஹாஜி அலி தாண்டும்போது வெயில் சுள்ளென்று அடித்தது.

பெடர் ரோடு வந்தது. அடியைக் குட்டையாக்கி, கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூச்சு ஒரே சீராக இருக்கும்படி ஓடினேன். அந்தக் கிலோமீட்டருக்கு 7 நிமிடத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் ஒரு அடிகூட நடக்கவில்லை. உச்சியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இறக்கத்தில் சௌபாத்தி வரை உடம்பைத் தளர்த்தி ஓடவிட்டேன்.

4 மணி 36 நிமிடத்தில் முடித்தேன். இலக்கைவிட 6 நிமிடம் தாமதம். ஆனால் மறுபாதிக்கு ஆனது 2 மணி 19 நிமிடம்தான். சித்தப்பாவுக்கு போன் போட்டு முதலில் சொன்னது அதைத்தான்.