ஃபார்மட் செய்யும் முன் அந்தக் கறுப்புத் திரையைப் படியுங்கள்

குமரி மாவட்டத்தில் கோடை மழையானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையானாலும் மாலை நேரத்து இடியும் மின்தடையும் சேர்ந்தே வரும். மலையோரப் பகுதிகளில் ரப்பர் மரக்கிளை ஒன்று முறிந்து கம்பியில் விழுந்தாலே ஊர் இருண்டுவிடும். தக்கலையில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு, அந்த வாரங்களில் வந்து சேரும் சிபியு பெட்டிகளைப் பற்றி உரிமையாளர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஆன் ஆகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை, கறுப்புத் திரையில் ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று காட்டுகிறது. அதோடு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, அதாவது ஃபார்மட் அடித்து, புதிதாக ஓஎஸ் (விண்டோஸ்) போட வேண்டும் என்று யாரோ சொன்னதாக ஒரு கவலையும் கூடவே வரும். அந்தக் கவலைக்குப் பல நேரங்களில் தேவையே இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்க விரும்புகிறேன்.

கணினி தொடங்குவது ஒரே செயல் போலத் தோன்றினாலும், அது அஞ்சலோட்டம் போன்றது. பழைய முறையில், தாய்ப்பலகையில் (மதர்போர்டு) பதிந்திருக்கும் பயாஸ் என்னும் தொடக்க மென்பொருள், வன்தட்டின் (ஹார்ட் டிஸ்க்) முதல் பகுதியைப் படிக்கிறது. அது பூட்எம்ஜிஆர் என்னும் கோப்பைத் தேடி எடுக்கிறது. பூட்எம்ஜிஆர், எந்தத் தட்டில் எந்தக் கோப்புறையில் விண்டோஸ் இருக்கிறது என்ற குறிப்புகள் அடங்கிய பிசிடி என்னும் கோப்பைப் பார்க்கிறது. அதன் வழிகாட்டலில் வின்லோடு என்னும் கோப்பு எழுந்து, விண்டோஸின் கருவையும் (கெர்னல்), அதன் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியையும், வன்பொருளை இயக்கத் தொடக்கத்திலேயே தேவைப்படும் டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் இயங்கும் புதிய கணினிகளில் முதல் இரண்டு படிகள் மட்டும் மாறுகின்றன: அங்கே வன்தட்டில் தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு சிறிய ஃபேட்32 பகுதியிலிருந்து தொடக்கக் கோப்பு நேரடியாக எடுக்கப்படுகிறது. இந்த வரிசையில் ஒருவர் கைநீட்டும்போது அடுத்தவர் அங்கே இல்லையென்றால், நீட்டியவர் அந்தப் பெயரைத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார். ஆகவே திரையில் தெரியும் கோப்பின் பெயர், ஓட்டம் எந்த இடத்தில் நின்றது என்பதற்கான அடையாளம். அந்தக் கோப்பு அழிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது. கோப்பு இருந்தும் படிக்க முடியாமல் போயிருக்கலாம், அல்லது கணினி தவறான தட்டில் தேடிக்கொண்டிருக்கலாம்.

இந்த வேறுபாடு பழைய விண்டோஸ் காலத்திலிருந்தே உண்டு. எக்ஸ்பியில் எச்ஏஎல் டிஎல்எல் என்ற கோப்பைக் காணவில்லை என்று திரை சொல்லும்போது, பெரும்பாலும் அந்தக் கோப்பு அதன் இடத்திலேயே இருக்கும்; பூட் ஐஎன்ஐ என்ற சிறு உரைக்கோப்பில் தட்டின் எண் மாறியிருப்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்ட போதிலும், பழைய பில் போடும் மென்பொருளுக்காக அதை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய திரையில் என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங் என்று வருவதும் அதே கதைதான்; எக்ஸ்பியில் பூட்எம்ஜிஆரின் வேலையைச் செய்தது அந்தக் கோப்பு.

எனவே முதல் வேலை, திரையில் இருப்பதைக் கைப்பேசியில் படம் எடுப்பது. பிறகு செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி வன்தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை இயக்குவது. பயாஸின் தொடக்க வரிசையில் பென் டிரைவ் முதலிடத்தில் இருந்தால், கணினி அதில் விண்டோஸைத் தேடி, காணாமல், பூட்எம்ஜிஆர் இல்லை என்று சொல்லிவிடும். விண்ணப்பங்களை அச்சிடும் கடைகளில் வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போன பென் டிரைவ் மறுநாள் காலையில் இப்படிக் கலவரப்படுத்துவது உண்டு.

அடுத்ததாக, பயாஸில் நேரமும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பின்னுக்குப் போன தேதி, தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. அதோடு பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கும். யுஇஎஃப்ஐ முறையில் போட்ட விண்டோஸைக் கணினி பழைய முறையில் தேடத் தொடங்கியிருக்கலாம். பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங் என்ற வரி பழைய முறைத் தொடக்கத்தில் மட்டுமே வரக்கூடியது. விண்டோஸ் 10 அல்லது 11 யுஇஎஃப்ஐ முறையில் போடப்பட்ட கணினியில் அந்த வரியைக் கண்டால், கோப்புகளைத் தொடுவதற்கு முன் அந்த அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியை மாற்றி, அமைப்பைத் திருத்தினால் போதும். வன்தட்டில் எந்த வேலையும் இருக்காது.

கடலோரத்திலிருந்து வரும் பெட்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துக் கணினிகளைத் திறந்தால், வன்தட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் பொன்னிறமாக இருக்க வேண்டிய மெல்லிய தகடுகளின் ஓரத்தில் பச்சை படர்ந்திருப்பதைக் காணலாம். உப்புக் காற்றின் வேலை அது. அந்த இணைப்பு ஒருநேரம் பிடிக்கும், ஒருநேரம் விடும். விட்ட நேரத்தில் எந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்ததோ அந்தப் பெயர் திரையில் வரும். இதிலிருந்து ஒரு நல்ல தடயம் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வெவ்வேறு கோப்பின் பெயர் வந்தால், கோப்புகளில் குறை தேடுவது வீண். கேபிளையோ வன்தட்டையோ ரேமையோதான் பார்க்க வேண்டும். கேபிளை மாற்றுவதும், ரேமைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அதன் முனையைத் துடைத்துத் திரும்பச் செருகுவதும் செலவு குறைந்த வேலைகள். ஒரே பெயர் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்தக் கோப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும்.

அப்போதும், பழுதுநீக்கும் கட்டளைகளுக்கு முன் உள்ளே இருக்கும் தகவல்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. இணையத்தில் பலரும் முதல் மருந்தாகச் சொல்லும் செக் டிஸ்க் கட்டளை, பழுதான பகுதிகளைத் தேடும் முறையில் இயங்கும்போது தட்டு முழுவதையும் வரிவரியாகப் படிக்கிறது. ஏற்கெனவே இறுதி நிலையில் இருக்கும் வன்தட்டுக்கு அந்த உழைப்பு தாங்காமல், படிக்க முடிந்த கோப்புகளும் கைவிட்டுப் போகலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் வெறுமனே இயக்கினால், அதில் உள்ள டிஸ்க்ஸ் என்ற செயலி பெரும்பாலான தட்டுகளின் உடல்நிலையைக் காட்டிவிடும். இடம் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், அந்தத் தட்டு நம்பத் தகுந்ததல்ல. கணக்கு, படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் முதலியவற்றை நகலெடுத்துக்கொண்டு தட்டையே மாற்றிவிடுவது நல்லது.

குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவருடைய கணினியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், மறுநாள் பிசிடி கோப்பு இல்லை என்ற நீலத்திரையுடன் வந்தது. வேறொரு கடையில் ஃபார்மட் மட்டுமே வழி என்று சொல்லியிருந்தார்கள். அவர் பெட்டியை மேசைமேல் வைத்ததும் சொன்னது இதைத்தான்: "மக்களே, ஃபார்மட் மட்டும் அடிச்சிராத. கொள்முதல் கணக்கு பூரா இதுலதான் கெடக்கு." நான், "கணக்கு எங்கயும் போகாது அண்ணாச்சி, மொதல்ல அத எடுத்து வச்சுட்டுதான் மத்த வேல" என்றேன்.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் வழியாக, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தோம். அங்கே நோட்பேட் என்று தட்டச்சு செய்தால் நோட்பேட் திறக்கும். அதன் ஓப்பன் சாளரத்தில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றிவிட்டால், அதுவே ஒரு சிறிய கோப்பு மேலாளராகிவிடும். கணக்குக் கோப்புறையின் மேல் வலச் சொடுக்கு, காப்பி. பென் டிரைவில் வலச் சொடுக்கு, பேஸ்ட். நகல் முடிந்து, அதை என் கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினேன். இந்தச் சூழலில் தட்டுகளின் எழுத்துகள் மாறியிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்: வழக்கமாக சி என்று தெரியும் விண்டோஸ் தட்டு, அன்று டி என்று தெரிந்தது. பலருடைய பழுதுநீக்கம் இங்கேதான் வழிதவறுகிறது. கட்டளை சரியாக இருக்கும், எழுத்து தவறாக இருக்கும்.

பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் சரியான இடத்தைக் கொடுத்தால், அந்தக் கோப்புறையிலேயே இருக்கும் மூலப் பிரதிகளைக் கொண்டு தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதி, பிசிடியையும் உருவாக்கிவிடுகிறது. யுஇஎஃப்ஐ கணினிகளில் பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் என்ற வேறொரு பழுதுநீக்கும் கட்டளையை அடித்து, அணுகல் மறுக்கப்பட்டது என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கும் இதுவே நேர்வழி. அண்ணாச்சியின் விண்டோஸ் எழுந்தது. ஆனால் அப்டேட் பாதியில் நின்றதால் சேதமான வேறு கோப்புகளும் இருக்கக்கூடும். டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையை முதலில் ஓட்டி, விண்டோஸ் தன் மூலப் பிரதிகளைச் சேமித்து வைத்திருக்கும் கிடங்கைச் சீராக்கி, அதன்பின், விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினோம். வரிசை முக்கியம். எஸ்எஃப்சி அந்தக் கிடங்கிலிருந்துதான் நல்ல பிரதியை எடுக்கிறது. கிடங்கே கெட்டிருந்தால் அது எதைக் கொண்டு ஒட்டும்?

கான்ஃபிக் கோப்புறையில் இருக்கும் சிஸ்டம் என்ற ரெஜிஸ்ட்ரி கோப்பு கெட்டுவிட்டது என்று வந்தால் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ரெக்பேக் என்ற கோப்புறையிலிருந்து பழைய நகலை எடுத்து மேலெழுதும்படி சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உள்ளன. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்தக் கோப்புறையில் தானாக நகல் எடுக்கப்படுவதில்லை. அங்கே இருப்பவை பெரும்பாலும் 0 பைட் அளவுள்ள வெற்றுக் கோப்புகள். அளவைப் பார்க்காமல் மேலெழுதினால், மீட்டிருக்கக்கூடிய ரெஜிஸ்ட்ரியும் போய்விடும். விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளி இருந்தால் அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

ஒரு கோப்பின் குறை ஒட்டுமொத்தக் கணினியையும் நிறுத்திவிடக்கூடும் என்பதையும், அதற்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை என்பதையும் 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. கணினியைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கி அந்தக் கோப்பை நீக்குவதே தீர்வாக இருந்தது. அப்போது பல அலுவலகங்களைத் தாமதப்படுத்தியது, தட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறைக்கும் பிட்லாக்கர் பூட்டுதான். புதிய மடிக்கணினிகளில் அந்தப் பூட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸ் அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது இல்லையேல் எந்தக் கடையாலும் தகவலை எடுத்துத் தர முடியாது. கணினி நன்றாக இயங்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் முழுதாக எழுந்து டெஸ்க்டாப் தெரிந்தபின் ரன்டிஎல்எல் என்ற தலைப்புடன், குறிப்பிட்ட மாட்யூல் (கோப்பு) கிடைக்கவில்லை என்று வரும் சிறு பெட்டி வேறு வகையைச் சேர்ந்தது. நீக்கப்பட்ட ஒரு மென்பொருளோ, ஆன்டிவைரஸ் அழித்த வைரஸோ விட்டுச்சென்ற தொடக்கக் கட்டளை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தக் கோப்பைத் தேடிக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. அழைக்கும் கட்டளையைத்தான் நீக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் தேடலாம். மைக்ரோசாஃப்ட் தரும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி, கோப்பு இல்லாத வரிகளை மஞ்சள் நிறத்தில் காட்டிவிடும். விசிரன்டைம்140 போன்ற பெயர்களுடன் ஒரு மென்பொருள் திறக்க மறுத்தால், விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவினால் போதும். மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இத்தகைய டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியாக விநியோகிக்கும் தளங்களின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, யார் கைபட்டது என்று அறிய வழியில்லை.

கடைக்குக் கொண்டு போவதாக இருந்தால், திரையின் படத்தை எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக என்ன நடந்தது, மின்சாரம் போனதா, இடி விழுந்ததா, புதிதாக எதையாவது செருகினீர்களா என்பதைச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தகவல் வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். வாங்கிக்கொள்ளும் பையனும் வேலை செய்பவரும் பல கடைகளில் வெவ்வேறு ஆட்கள்.